பட்ஜெட் துப்பாக்கியும் என் பிரசவ லீவும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. பெரிய ஆள் முன்னால் போய் நின்றால் வாய் சும்மா இருக்காது. காரியம் முடிந்து கிளம்ப வேண்டிய நேரத்தில், கேட்காமலேயே கூடுதலாக ஒரு வரி சேர்த்துவிடுவேன். அப்படிச் சேர்த்த ஒரே ஒரு வரியால்தான் இன்றுவரை என் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை.

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் டூட்டி எனக்கு. (உடைந்த டைலைப் பார்த்து 'உடைந்திருக்கிறது' என்று எழுதும் வேலை. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தது இதற்குத்தான்.) மனைவி செல்வி அறந்தாங்கியில் அம்மா வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். அவளுக்கு ஏகப்பட்ட பயம்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாங்க. ரூமுக்கு வெளிய நின்னாப் போதும். நான் உள்ள கத்துறப்ப நீங்க வெளிய இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும்" என்று போனில் அழுதாள். கண்டிப்பாக நிற்பேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

லீவு கேட்க மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் உள்ளூர் அரபி. அபு சயீத் என்று கூப்பிடுவோம். தங்கமான மனிதர். விண்ணப்பத்தைப் படித்தார், சிரித்தார், பேனா மூடியைத் திறந்தார். கையெழுத்து விழ இன்னும் ஒரு நொடிதான். அந்த நொடியில், அவர் துப்பாக்கியோடு நிற்கிற போட்டோ ஒன்று சுவரில் என் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"நைஸ் ரைஃபிள் சார். ஐ ஆல்ஸோ ஷூட்டர். என்.சி.சி!"

(என்.சி.சி.யில் நான் சுட்டது மொத்தம் ஐந்து குண்டு. அவை எங்கே போயின என்று இந்திய அரசாங்கத்துக்கே தெரியாது. நான் கேம்ப்புக்குப் போனதே பூரி கிழங்குக்காக.)

பேனா மூடிக்கொண்டது. அபு சயீத் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பக்கத்துக் கம்பெனிகளுக்குள் துப்பாக்கி சுடும் போட்டி வருகிறதாம். கம்பெனிக்கு மூன்று பேர் வேண்டும். எங்களுக்கு இரண்டு பேர்தான் தேறியிருந்தார்கள். போன தடவை ஜெயித்த சிமென்ட் கம்பெனிக்காரன் இவரைப் பார்க்கும்போதெல்லாம் இளிக்கிறானாம். "கம்பெட்டிஷன் ஃபினிஷ், நெக்ஸ்ட் டே யூ கோ. கலாஸ்!" என்று லீவுத் தேதியை ஒரு வாரம் தள்ளி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்படியும் டாக்டர் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் மிச்சம் இருந்தது. செல்வியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"துப்பாக்கியா? நீங்களா? போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடுனது யாரு?"

"அது வேற, இது வேற."

"ஒரு வாரம் முன்னாடியே வலி வந்துருச்சுன்னா?"

"சும்மா இரு, அதெல்லாம் வராது" என்றேன். (டாக்டரே இவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க மாட்டார்.)

வார விடுமுறைகளில் கிளப்பில் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் கான் பாய். பாகிஸ்தானி, ரிட்டையர்டு ஹவில்தார். கத்துக்குட்டி என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து, கிளப்பிலேயே மலிவான ரைஃபிளை என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு குண்டுக்கும் அதன் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மடக்க வேண்டும். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். ஆனால் மழைக்காலத்துத் தாழ்ப்பாள், லேசில் நகராது.

முதல் நாள் பத்து குண்டு சுட்டேன். குறி அட்டையில் நான்கு ஓட்டை.

"பாக்கி கோலி கிதர் கயா? துபாய்?" என்றார் கான் பாய், மீதி குண்டெல்லாம் எங்கே என்று.

அப்புறம் பாடம் ஆரம்பித்தது. ட்ரிக்கரை வெடுக்கென்று இழுக்காதே, மெல்ல அழுத்து. மூச்சைப் பாதி விட்டு நிறுத்து. படுத்ததும் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திற. எதிரே கறுப்பு வட்டம் தானாகத் தெரிந்தால் உடம்பு சரியாகக் கிடக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்காதே. நானோ ஒவ்வொரு தடவை போல்ட்டை இழுக்கும்போதும் தலையைத் தூக்கி வேடிக்கை பார்ப்பேன். "சிர் மத் உட்டாவ்!", தலையைத் தூக்காதே என்று மண்டையில் ஒன்று வைப்பார்.

ரூமிலும் விடவில்லை. தரை துடைக்கிற வைப்பரைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்துப் பழகினேன். ரூம்மேட் இஸ்மாயில், கீழக்கரைக்காரர், மொபைல் கடை வைத்திருந்தார்.

"மாப்ளே, பாத்ரூம் வாசல்ல படுத்துக்கிட்டு யாரைக் கொல்லப் போற? வைப்பரைக் குடுப்பா, தண்ணி தள்ளணும்."

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், குறி தேறிவிட்டது. முதல் வாரம் தோசை அகலத்துக்குச் சிதறிய ஓட்டைகள், அடுத்த வாரம் பூரி அளவுக்கு வந்தன. மூன்றாம் வாரம் ஒரு மசால்வடைக்குள் அடங்கின. கன்னம் கட்டையோடு ஒட்டியே கிடந்தது. "அப் ஆத்மி பன் கயா" என்றார் கான் பாய். இப்போதுதான் மனுஷன் ஆகியிருக்கிறேனாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டி நாளும் வந்தது. போன்களைப் பெட்டியில் வாங்கி வைத்துவிட்டார்கள். பயிற்சியெல்லாம் சுவர் ஓரத்து முதல் லேனில்தான் செய்திருந்தேன். அன்று கொடுத்தது நாலாம் நம்பர். ஐந்தில் சிமென்ட் கம்பெனி மலையாளி, ஜோஸ் சேட்டன். பின்னால் அபு சயீத், கான் பாய், வேடிக்கை பார்க்க வந்த இஸ்மாயில்.

படுத்தேன். கண்ணை மூடினேன். இரண்டு மூச்சு. திறந்தேன். ஆகா! எதிரே நட்ட நடுவில் கறுப்பு வட்டம். பத்து குண்டும் முடிகிறவரை கன்னம் இம்மி நகரவில்லை. மழைக்காலத்துத் தாழ்ப்பாள் அன்று வெண்ணெய் மாதிரி ஓடியது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை.

அட்டைகள் வந்தன. என் நாலாம் நம்பர் அட்டை அச்சடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஐந்தாம் நம்பர் அட்டையில் இருபது ஓட்டை.

"ஞான் பத்து வெடியே வெச்சுள்ளூ சாரே!" என்று அலறினார் ஜோஸ் சேட்டன். அவர் சுட்டது பத்தே பத்துதானாம்.

கொஞ்சம் கோணலாகப் படுத்திருக்கிறேன். கண் திறந்ததும் தெரிந்தது பக்கத்து வட்டம். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கியிருந்தால் அட்டைக்கு மேலே இருந்த நம்பர் தெரிந்திருக்கும். மூன்று வாரம் அடி வாங்கி விட்டொழித்த பழக்கம் அது ஒன்றுதான்.

எந்த ஓட்டை யாருடையது என்று பிரிக்க முடியாததால், அட்டைக்காரருக்கே நல்ல பத்தைக் கொடுப்பதுதான் விதி என்றார் நடுவர். நல்ல பத்தும் மசால்வடைக்குள் இருந்தன. கப்பை மறுபடியும் சிமென்ட் கம்பெனி தூக்கிக்கொண்டு போனது.

அபு சயீத் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யூ வெரி குட் ஷூட்டர்" என்றார். "ஃபார் சிமென்ட்."

தலையைக் குனிந்துகொண்டு போய் போனை வாங்கினேன். வீட்டிலிருந்து பதினோரு மிஸ்டு கால். கடைசியாக மாமியாரின் குரல் பதிவு: "மாப்ளே, விடியவே பனிக்குடம் ஒடஞ்சு போச்சு, ஓடுன ஓட்டத்துல உங்களுக்கு உடனே சொல்ல முடியல. பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. உங்களத்தான் செல்வி கேட்டுக் கேட்டு அழுதுச்சு."

அந்தப் பதிவு வந்த நேரத்தைப் பார்த்தேன். நான் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். கப்பு போனதற்கு அழுகிறேன் என்று நினைத்துத் திட்ட வந்த அபு சயீத், இஸ்மாயில் விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தூக்கி நிறுத்தினார். டிக்கெட்டை அன்றைக்கே மாற்றச் சொல்லி, அவர் காரிலேயே ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டார்.

நான் போய்ச் சேருவதற்குள் இஸ்மாயில் என் மச்சானுக்குப் போன் போட்டு, வாழ்த்துச் சொல்கிற சாக்கில் முழுக்கதையையும் ஒப்பித்திருந்தார்; அது மச்சான் வாயிலிருந்து வார்டு முழுக்கப் பரவியிருந்தது. பாவி!

ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு கட்டில், இரண்டு தொட்டில். செல்வி என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. (வர வேண்டிய நேரத்தில் வராது.) வற்றிப் போன குரலில் அவளே சொன்னாள்:

"இதுதாங்க நம்ம புள்ள. நல்லாப் பாத்துக்கங்க. அது பக்கத்து பெட்டு."

பக்கத்துக் கட்டில்காரம்மா உட்பட வார்டே சிரித்தது. தையல் வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செல்வியும் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. "நீங்க வரவே இல்லீல" என்றாள்.

இப்போது குடும்பத்தோடு ராஸ் அல் கைமாவில்தான் இருக்கிறோம். மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். பள்ளி விட்டதும் ஒரே மாதிரி யூனிஃபார்மில் நூறு பிள்ளைகள் வாசலுக்கு வரும். என்னைக் கண்டதும் என் மகள் தன் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் காட்டி, ஊர் கேட்கக் கத்துவாள்:

"அப்பா, தட் இஸ் நாட் மீ! ஐ ஆம் ஹியர்!"