கறுப்புச் சிம்மாசனத்தின் முன்னால் வாய் திறந்தேன்

ஆக்ரா,
ஞாயிற்றுக்கிழமை

என் மதிப்பிற்குரிய அக்கா, ஜீஜிக்கு, தங்கை குமுத் காலைத் தொட்டு எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம். கான்பூரில் நீங்களும் அத்தானும் அவருடைய மூட்டுவலியும் சுகம்தானே? நல்ல சேதி இத்துடன் முடிகிறது.

நீங்கள் பார்த்துக் கொடுத்த அலகாபாத் வரன் என்னால் போய்விட்டது. என் மகள் ஈஷிதாவுக்கு வந்த முந்தைய இரண்டு வரன்களும் என் வாயால்தான் போயின. ஒரு பையனின் தாத்தா சொன்ன தேதியைத் திருத்தினேன், இன்னொரு பையனின் மாமா சொன்ன அரசரையே திருத்தினேன். அதனால்தான் பெண் பார்க்கப் போகும் ஆக்ரா கோட்டைக்குள் சரித்திரம் பேசமாட்டேன் என்று அவள் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினீர்கள். பதினெட்டு வருஷமாக அங்கே வழிகாட்டி வேலை பார்ப்பவளிடம்! பெண் பார்க்க வேறு இடமா இல்லை?

நேற்று ஈஷிதாவும் பையன் நிஷாந்தும் முன்னால் நடக்க, கோட்டையின் அமர்சிங் வாசலிலேயே பையனின் அப்பா பட்நாகர்ஜி, ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர், ஆரம்பித்துவிட்டார். “மொத்தக் கோட்டையும் ஷாஜஹான் கட்டினது, தெரியுமில்ல?” கோட்டையைக் கட்டிய அக்பர் என் தொண்டைவரை வந்தார், விழுங்கினேன். உள்ளே பாதை சட்டென்று திரும்புமே, பாய்ந்து வரும் யானை திணறட்டும் என்று அப்படிக் கட்டியது, அதைக் காட்டி, “மழைத் தண்ணி வேகமா ஓடாம இருக்க வளைச்சிருக்கான்” என்றார். யானையையும் விழுங்கினேன். அவர் மனைவி சரோஜ்ஜி எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” என்றார். அந்த “ஆமாங்க”வில் முப்பது வருஷத் தேய்மானம் தெரிந்தது. ஒருவர் தப்பாகப் பேசும்போது சும்மா இருப்பது பண்பா, கோழைத்தனமா என்று நான் வெகுநாளாக யோசிக்கிறேன் ஜீஜி. விடை கிடைப்பதற்குள் வாய் திறந்துவிடுகிறது.

யமுனையைப் பார்த்த மேல்தளத்தில் ஜஹாங்கீரின் கறுப்புக் கல் சிம்மாசனம். பட்நாகர்ஜி அதை வீட்டுச் சோபா மாதிரி தட்டினார். “இது எங்க அலகாபாத்துல செஞ்சது. உங்க ஆக்ராவுல இப்படிச் செதுக்க ஆள் ஏது?”

“என்ன சார் சொல்றீங்க? இங்கியே வெட்டி, இங்கியே செதுக்கினது! அங்கேருந்து எப்படி வந்துச்சாம்? உங்க ஸ்டேஷன்ல ரயில் ஏத்தி அனுப்பினீங்களா?”

பின்னாலிருந்து கைதட்டல். எந்த ஊர்க் கூட்டமோ, நாற்பது பேர், என்னைத் தங்கள் வழிகாட்டி என்றே நினைத்துவிட்டார்கள். பழக்கதோஷம் ஜீஜி, கை தானாகக் குடையைத் தூக்கியது. ஷாஜஹானை மகனே எட்டு வருஷம் சிறைவைத்த இடம்வரை அவர்களை அழைத்துப் போய், தாஜ்மஹாலைக் காட்டி, இரண்டு பேரை அழவைத்துவிட்டுத் திரும்பினால் சம்பந்தி வீட்டார் இல்லை. நான் கொடுத்த பூசணி மிட்டாய் டப்பா மட்டும் இருந்தது. அதையும் ஒரு குரங்கு தின்றுகொண்டிருந்தது.

ஈஷிதாவின் தலை பத்திரமாகத்தான் இருக்கிறது. அதை என் பக்கம் திருப்பத்தான் மறுக்கிறாள். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. எனக்குச் சேரவேண்டிய திட்டைத் தபாலில் அனுப்புங்கள்.

சத்தியம் தவறிய தங்கை,
குமுத்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் சரோஜ்ஜி போன் செய்தார். “குமுத்ஜி, முப்பது வருஷத்துல இந்த மனுஷன்கிட்ட ‘இல்ல’ன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். நேத்துலேருந்து வீட்ல சத்தமே இல்ல. உங்க பொண்ணு எங்க வீட்டுக்குத்தான் வரணும், ஆமா!” ஈஷிதாவிடம் ஓடினேன். அவள் கைபேசியை நீட்டினாள். நிஷாந்த் ஒரு பழைய சரித்திரப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். அந்தச் சிம்மாசனம் அலகாபாத்தில்தான் செய்ததாம். பிற்பாடுதான் இங்கே வந்ததாம். பதினெட்டு வருஷம், ஜீஜி! படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: “ஆன்ட்டிக்கு மட்டும் காட்டு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். அம்மா இப்பதான் நிம்மதியா இருக்காங்க.”

இந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். சம்மதம் சொல்லி, இருப்பதில் சீக்கிரமான முகூர்த்தத்தைப் பிடியுங்கள். இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடுங்கள்.