நாலு அங்குலம் உயர்ந்த ஜீப்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். என் இடது கைக் கட்டைவிரல் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது. தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாவின் நலத்தையும், தங்கள் மருந்துக் கடையின் நலத்தையும், தங்கள் புது மூக்குக் கண்ணாடியின் நலத்தையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாங்கள் மூன்று முறை "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி" என்று குறுக்கே வந்துவிடுகிறீர்கள். கடிதத்தில் தங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கல்லாவை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, உட்கார்ந்து, முழுவதும் படிக்கவும். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு படித்தாலும் சரி. தங்கள் கடையில் இல்லாத மாத்திரையா?

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நான் என் மகளுக்கு அனுப்பிய ஜீப் போட்டோவை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, இன்று காலை என்னைக் கூப்பிட்டீர்கள். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. வண்டி என்ன இவ்வளவு ஒசரமா இருக்கு? கொழந்தைய இதுல எப்படி ஏத்தறது? வளைவுல கவுந்துட்டா யாரு பாக்கறது?" என்றீர்கள். இதை வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வது? நீங்களே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்றும் போட்டு.

போன மாதம் தாங்கள் இங்கே வந்திருந்தபோது, ஓடையைத் தாண்டும் இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பாறையில் என் ஜீப்பின் அடிவயிறு 'டங்'கென்று இடித்தது உண்மை. தங்கள் கண்ணாடி மூக்கிலிருந்து எகிறிப் போய் இரண்டாக உடைந்ததும் உண்மை. இரண்டு துண்டையும் நானே துடைத்துக் கொடுத்தேன். ஆனால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, என் மனைவி போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, ஒரு துண்டை ஒரு கண்ணில் பிடித்தபடி என்ன சொன்னீர்கள்? "இந்த வண்டி அடி இடிக்காம ஓடற வரைக்கும் கொழந்தைய இங்க அனுப்பறதா இல்ல. நாலு வயசு முதுகெலும்பு, தாங்காது." சொன்னீர்களா இல்லையா? என் மகளும் மாப்பிள்ளையும் சுவரில் என்னமோ படம் ஓடுவது மாதிரி அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஒரு மாதம் பேத்தி எங்களோடு இருப்பாள் என்று வருஷம் பூராவும் காத்திருக்கிறோம். என் மனைவி தையல்காரி என்பது தங்களுக்குத் தெரியும். ஏழு கவுன் தைத்து, அதற்குள் வளர்ந்துவிட்டாளோ என்று ஏழிலும் ஓரத்தில் துணி மடித்து வைத்திருக்கிறாள். அந்த ஏழு கவுனையும் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா? பாறையைத் தாழ்த்த என்னால் ஆகாது. ஆகவே வண்டியை உயர்த்தினேன்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கலாமே என்பீர்கள். ஒர்க்‌ஷாப்காரர் அடுத்த மாதம் வரச் சொன்னார். அதற்குள் லீவு முடிந்து பேத்தி மறுபடியும் ஸ்லேட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அதனால் வண்டியை உயர்த்தும் சாமான்கள் அத்தனையும் அடங்கிய ஒரு பெட்டியை வரவழைத்து, ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு, என் மனைவியின் தையல் அறைக்கு நேர் கீழே உள்ள ஷெட்டில் நானே வேலையில் இறங்கினேன். இருபத்தெட்டு வருஷம் நில அளவையாளனாக இருந்து ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்தவனுக்கு நாலு அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். பெட்டிக்குள் வளைந்த பட்டை ஸ்பிரிங் நாலு, நீளமான ஷாக் அப்சார்பர் நாலு, என் முழங்கை தடிமனுக்கு யு போல்ட்டுகள், ஒரு புத்தகம். புத்தகத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் அழுக்கே படாமல் சிரித்துக்கொண்டு ஸ்பேனரைத் திருகுகிறான். அவனை நான் நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன், என் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள்.

"என்னங்க, 'வண்டியை சமதளத்தில் நிறுத்தவும்'னு போட்டிருக்கு."

"நிறுத்தியாச்சு."

"'அனுபவம் உள்ளவர் துணையோடு செய்யவும்'னு போட்டிருக்கு."

"அதத் தாண்டிப் படி."

அனுபவம் உள்ளவர் தானாகவே வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டில் கப்பல் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவருக்கு இந்தத் தெருவில் 'அப்பவே சொன்னேன்' என்று பெயர். எதையும் அப்போது சொல்ல மாட்டார், எல்லாம் ஆன பிறகு அதையே சொல்வார். முதல் நாள் முழுக்க எட்டு நட்டைக் கழற்ற முயன்றேன். துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று அப்படி ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தத் தெருவில் ஒரு தம்பதிக்குக் கூட அவ்வளவு ஒற்றுமை கிடையாது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி மொத்த உடம்பையும் தொங்கவிட்டேன். நட்டு அசையவில்லை, குழாய் நழுவியது. கட்டைவிரல் என்று மேலே குறிப்பிட்டேனே, அது இங்கேதான். "குழாய் நழுவும்னு அப்பவே சொன்னேன்" என்றார் அவர். எப்ப சொன்னாரு? அதுவரைக்கும் அவரு என் ஸ்டூல்ல உக்காந்து என் பேப்பரைத்தான் படிச்சுக்கிட்டிருந்தாரு! என் மனைவி விரலுக்குத் துணி சுற்றி, தையல்காரி ஆயிற்றே, ஓரத்தை மடித்துத் தைத்தும் விட்டாள்.

மறுநாள் ஒருவழியாக எட்டு நட்டும் கழன்றன. மூன்றாம் நாள் நாலு ஸ்பிரிங்கும் ஏறி, ஜாக்கியை இறக்கியதும், சம்பந்தி, அந்தக் காட்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. எனக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து என் மனைவி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா சட்டை தைச்சுக் குடுத்தா வாங்கிக்குவீங்களா?"

"இப்ப எதுக்கு சட்டைப் பேச்சு?"

"வண்டியத்தான் சொல்றேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இந்தப் பக்கம் எம்பது இருக்கு. அந்தப் பக்கம் எழுவத்தெட்டரை."

பின்பக்கத்து ஸ்பிரிங் ஒன்றை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன். அங்குலம் ஒன்றோ இரண்டோ போனால் என்ன என்று விட்டிருந்தால், வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து தங்கள் மருந்துக் கடைக்குள்ளேயே வந்து நின்றிருக்கும். "திருப்பி மாட்டியிருக்கீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றார் அவர். அதுவும் கழன்று, அதுவும் ஏறியது. பிறகு பிரேக் குழாய் எட்டவில்லை. வண்டி உயர்ந்தால் குழாயும் நீளமாக வேண்டுமாம். நீளக் குழாய் மாட்டி, அதற்குள் புகுந்த காற்றை வெளியேற்ற, என் மனைவியை டிரைவர் சீட்டில் உட்கார்த்தி "அமுக்கு, பிடி, விடு" என்று ஒரு மணி நேரம் கத்தினேன். கல்யாணமான முப்பது வருஷத்தில் நான் சொன்னதையெல்லாம் அவள் மறுபேச்சில்லாமல் செய்தது அந்த ஒரு மணி நேரம்தான். இறங்கியதும் பாக்கி இருந்த பேச்சையெல்லாம் மொத்தமாகப் பேசிவிட்டாள். அதன் நடுவே, "எல்லாம் சரிங்க, ஆனா மேல..." என்று என்னவோ ஆரம்பித்தாள். "மேல என்ன மேல? வேலையெல்லாம் கீழதான்" என்று அடக்கிவிட்டேன். ஒரு வீட்டில் ஒரு மேஸ்திரிதான் இருக்க முடியும்.

இவ்வளவும் எதற்காக? அடி இடிக்கக் கூடாது என்பதற்காக. யார் சொல்லி? தாங்கள் சொல்லி. தாழ்வா இருந்தா முதுகெலும்பு தாங்காது, ஒசரமா இருந்தா கவுந்துடும், நடுவுல இருந்தா நாளைக்குக் காத்து படும்பீங்க. நீங்க கொழந்தைய அனுப்ப மனசில்லாம வண்டி மேல பழி போடறீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம் வருது சம்பந்தி, தப்பா எடுத்துக்கிட்டாலும் பரவாயில்லை. பதினோரு மாசம் தினமும் காலைல அவ உங்க மூக்கைப் பிடிச்சு எழுப்பறா. எங்களுக்கு மூக்கு இல்லையா? ஏறுவதற்கு என்ன வழி என்று கேட்டீர்களே, அவள் கால் அளவுக்கு ஒரு இரும்புப் படி செய்து, சறுக்காமல் இருக்க அதன்மேல் சாக்குத் துணி சுற்றியிருக்கிறேன். கவிழ்வதைப் பற்றியும் கவலை வேண்டாம், அந்த ஜீப் என் கையில் எந்த வேகத்தில் போகும் என்பது தங்களுக்கே தெரியும், போன முறை "நான் எறங்கி நடக்கட்டா?" என்று கேட்டவர் தாங்கள்தானே.

ஆகவே என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்குத் தங்கள் வாசலில் நின்று ஹாரன் அடிப்பேன். பேத்தி, அவள் பை, அவள் ஒற்றைக் காது முயல் பொம்மை மூன்றும் தயாராக இருக்க வேண்டும். வண்டியைத் தாங்களே சுற்றி வந்து பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம், ஸ்டெதஸ்கோப் வைத்தும் பார்க்கலாம். அதன் உயரத்தில் ஒரு நூல் குறைக்க மாட்டேன். தங்கள் கடையில் கூட்டமும், தங்கள் வீட்டில் நோயின்மையும் ஒரே சமயத்தில் நிலைக்க வேண்டும் என்று வாழ்த்தி, சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகளையும், சுவரைப் பார்த்தது போதும் என்ற செய்தியையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தலைநிமிர்ந்து நிற்கும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மேலே உள்ளதைத் தபாலில் போடுவதற்காக வண்டியைக் கிளப்பினேன். ஷெட் வாசலுக்கு மேலே உள்ள உத்தரத்தில் வண்டியின் நெற்றி 'டங்'கென்று இடித்தது. உள்ளே போகும்போது மேலே மூன்று விரல் இடம் இருந்தது. இப்போது வண்டி நாலு அங்குலம் கூடுதல். நில அளவையில் நாங்கள் நீளம் பார்ப்போம், அகலம் பார்ப்போம். உயரம் பார்த்துப் பழக்கமில்லை. என் மனைவியும் உடம்பைத்தான் அளப்பாள், அந்த உடம்பு எந்த வாசலில் நுழையும் என்று அளப்பதில்லை. அவள் 'மேல' என்று ஆரம்பித்தது இதைத்தானாம். டயர் நாலிலும் காற்றை இறக்கினோம். பாரத்துக்கு நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஏறி உட்கார்ந்தோம். பாரத்துக்கு என்று கூப்பிட்டதால் என் மனைவி ஏற மறுத்துவிட்டாள். இன்னும் ஒரு விரல் இடிக்கிறது. வண்டியின் கூரையைக் கழற்றலாம் என்றால், மழை ஒழுகுகிறது என்று போன வருஷம் நானே சுற்றிலும் வெல்டிங் வைத்துவிட்டேன். உத்தரத்தை இடிக்கலாம் என்றால், அதன் மேல்தான் அவளுடைய தையல் மெஷின் நிற்கிறது. பழைய ஸ்பிரிங்கையே மாட்டினால் வண்டி வெளியே வரும். வந்தால் பாறையில் இடிக்கும். இடித்தால் நீங்கள் குழந்தையை அனுப்ப மாட்டீர்கள். "அப்பவே சொன்னேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் கடிதத்தைத் தன் சைக்கிளில் கொண்டுபோய்த் தபாலில் போடுவதாக ஒப்புக்கொண்டார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தாங்களே தங்கள் காரில் குழந்தையை ஓடை வரைக்கும் கொண்டுவந்து விட்டால் போதும். பத்து மணிக்கு நான் அங்கே நிற்பேன். பாறையைத் தாண்டித் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். என் தோள் தரையிலிருந்து ஐம்பத்தைந்து அங்குலம். இன்று மாலைதான் டேப் வைத்து அளந்தோம். எங்கள் வீட்டு வாசலின் உயரத்தையும் அளந்துவிட்டோம். அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நுழைந்தால் இடிக்கும். குனிந்துகொள்கிறேன்.