மேடம், இவங்க பேசிக்கிறாங்க

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பு, பேய், இருட்டு எதற்கும் அசைய மாட்டேன். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால்தான் இன்றைக்கும் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

எல்லாம் நான் படித்த லட்சணம். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டும் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். விடிவதற்கு முன்னே எழுப்பி உட்கார வைப்பார்கள். தினம் பரீட்சை. வேதியியல் புத்தகத்தைக் கமா விடாமல் ஒப்பிப்பேன். (அர்த்தம் கேட்டால் அது சிலபஸில் இல்லை.) பரீட்சையில் பக்கத்தில் இருப்பவள் வாயைத் திறந்தால் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வரிசை மொத்தமும் முட்டி போட வேண்டும். பிறகு சேர்ந்த திருச்செங்கோட்டுப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியும் இந்தப் பள்ளியின் பெரியப்பா மகன்தான். இத்தனை வருஷமும் எழுதினேனே தவிர, பேசியதில்லை.

கடைசி வருஷத்தில் சென்னைக் கம்பெனி ஒன்று வேலைக்கான தேர்வுக்கு அழைத்தது. சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் அப்பா, பஸ் ஏற்றிவிட வந்தார்.

"பயப்படாத சாமி. கெடைக்காட்டியும் ஒண்ணும் மோசமில்ல. உன்ற பழைய ஸ்கூல்லயே வார்டன் வேல இருக்குதுன்னு சொன்னாங்க. நானும் செரின்னு சொல்லிப்போட்டேன்."

ஆறுதலா அது? நாங்கள் முட்டி போட்ட இடமே வார்டன் அறை வாசல்தான். அந்த அறைக்குள் நானே குடியேற வேண்டுமாம். பஸ் சேலம் தாண்டுவதற்குள் இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கும்பிட்டுவிட்டேன்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். (அதில் தோற்றால் நாமக்கல்லுக்கே அவமானம்.) அடுத்து ஒரு ஏசி அறை, வட்ட மேசை, எட்டுப் பேர். அதிகாரி அம்மா ஒருவர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "பிரச்சினை தாள்ல இருக்கு. இருபது நிமிஷம். ஆரம்பிங்க" என்று சொல்லி மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தாளைப் பார்த்தேன். சரக்கு லாரிகள் தாமதமாக வருகின்றன, என்ன செய்யலாம் என்று இருந்தது. எனக்கு உயிரே வந்தது. சோறு தின்னும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். குனிந்து எழுத ஆரம்பித்தேன்.

தலையைத் தூக்கினால், மற்ற ஏழு பேரும் பேசுகிறார்கள். கூசாமல், சத்தமாக, கையை ஆட்டி ஆட்டி. அது குழு விவாதமாம். சென்னைப் பிள்ளைகள் கல்லூரியில் வாராவாரம் பழகியதாம். அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கோ சொன்னால்கூடப் புரிந்திருக்காது. பட்டப்பகலில் ஒரு கூட்டமே காப்பி அடிக்கிறது என்றுதான் நினைத்தேன். மாட்டினால் எல்லாருக்கும் சேர்த்துத்தானே தண்டனை?

பக்கத்திலிருந்த பெண் என் தாளை எட்டிப் பார்த்தாள். "நல்லா எழுதியிருக்கீங்களே, சொல்லுங்க" என்றாள். நான் கையால் மறைத்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். அவள் விடவில்லை. "பேசாம இருந்தா உங்களுக்குத்தாங்க நஷ்டம்" என்றாள்.

மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். வார்டன் அறை கண்முன் வந்து நின்றது. எழுந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மேடம், இவங்க எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் பேசலீங்க மேடம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "பேசறதுக்குத்தாம்மா கூப்பிட்டோம். உட்காருங்க, நீங்களும் பேசுங்க" என்றார். உட்கார்ந்தேன். பேசத்தான் முடியவில்லை. எல்லா விடையும் எதிரே தாளில்தான் இருந்தது. நேரம் முடிந்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்து அழுதேன்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு உதறல். முழுதும் கேட்டுக்கொண்டவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பரீச்சைல பேசுனா சொல்லத்தான சாமி வேணும்? அதுக்கு ஏன் அந்தம்மா வேல இல்லைங்குது?"

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்கள்.

ஆக, வார்டன் ஆனேன். படிப்பு நேரத்தில் பிள்ளைகள் குசுகுசுவென்று பேசும். நான் காது கேளாதவள் மாதிரி நடந்து போய்விடுவேன். என்னால் ஒருத்தியைக்கூட எழுப்பி நிறுத்த முடியவில்லை. குசுகுசுப்பு பேச்சாகி, பேச்சு சிரிப்பாகி, அந்த வருஷம் முடிவதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது: "உங்க பொண்ணு பாக்கற பிளாக்கு சந்தக்கட மாதிரி இருக்குதுங்க. நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க."

இப்போது அப்பாவின் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து நாள் முழுக்க டிரைவர்களோடு போனில் கத்திக்கொண்டிருக்கிறேன். உறவுக்காரர் யாராவது வந்து, இன்ஜினியரிங் படித்த பெண் ஏன் இங்கே இருக்கிறாள் என்று கேட்டுவிட்டால் போதும். அப்பா டீ சொல்லிவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"அத ஏனுங்க கேக்கறீங்க. பேசறாங்கன்னு சொல்லி ஒரு வேல போச்சு. பேசறாங்கன்னு சொல்லாம இன்னொரு வேல போச்சு."