ஆர்.எஸ்.மங்கலத்துப் பரம்பரை யாழ்

‘பரம்பரை யாழை எப்போது தரிசிக்கலாம்?’ என்று மூன்றாவது முறையாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது, சத்யப்பிரியா இ-சேவை மையத்தில் ஒருவருக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே தட்டியதில் அந்த மனிதரின் பிறந்த வருடம் 1897 ஆகிவிட்டது.

கேட்டவர் லேசுப்பட்டவர் இல்லை. ‘சரித்திரச் செம்மல்’ கடற்கோமகன். இணையத்தில் அவர் தொடராக எழுதும் கடற்படை இளவரசி கதைக்கு லட்சம் வாசகர்கள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு மணி நேரம் யாழ் வாசித்த பிறகே எழுதுவதாகப் பேட்டிதோறும் சொல்லுவார். அந்த இளவரசி யாழ் மீட்டுவதாகச் சத்யா போனில் வரைந்து போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் புத்தகத்தின் அட்டை என்று அறிவித்துவிட்டார். அடுத்த நான்கு பாகங்களுக்கும் அவளே வரைய வேண்டும். இ-சேவை நாற்காலியிலிருந்து எழுந்து போக அவளுக்கு வாய்த்த ஒரே வழி.

அந்த வழியில் அவளே ஒரு பொய்யைப் போட்டு வைத்திருந்தாள். ‘யாழ் இப்படியா இருக்கும்?’ என்று படத்துக்குக் கீழே எவனோ நக்கலடிக்க, ஆத்திரத்தில், ‘எங்க வீட்டுப் பரம்பரை யாழைப் பார்த்து வரைஞ்சது’ என்று பதில் எழுதியிருந்தாள். அவர்கள் வீட்டில் பரம்பரையாக இருந்தது ஒரு நெல் குதிர் மட்டுமே.

‘வீட்டைவிட்டு வெளிய எடுத்தா சாமிகுத்தம் ஆயிரும் சார்’ என்று அனுப்பினாள்.

‘எனில் நாமே வருகிறோம். நாற்பது வாசகர்களுடன். ஞாயிறு காலை.’

‘வேணாம் சார்! பூசாரிகிட்ட கேட்டுட்டோம், எடுக்கலாமாம். புத்தக விழாவுக்கே கொண்டுவாறோம்.’

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அப்பா நாகநாதனிடம் அழுதாள். அவர் திட்டவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

“ஏன் தாயி இல்லைங்கிறே? நம்ம பாட்டன் வீட்டுல இருந்திருக்கும். யாரு கண்டா?”

“அய்யா, நான் பொய் சொல்லியிருக்கேன்.”

“சும்மா இரு. கௌரவமான விஷயம்.”

மறுநாள் டீக்கடையில் அந்த யாழ் அவருடைய பாட்டனாருடையதாக இருந்தது. வார இறுதிக்குள் முந்நூறு வருடம் பழையதாகி, அரண்மனைப் பரிசாகவும் ஆகிவிட்டது. விழாவுக்குப் போக ஊரார் வேன் பிடித்தார்கள்.

சத்யா பஸ் ஏறித் தேவிபட்டினம் போனாள். அங்கே நாட்டுப்படகு கட்டும் இஃப்திகார் பாயிடம் படத்தைக் காட்டினாள். மரத்தை இப்படி வளைக்கக்கூடிய வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது.

“இம்புட்டுத்தானே? படகை நாலா வெட்டுனா இதுதாம்மா” என்றார் பாய்.

பத்தாம் நாள் அது தயாராக இருந்தது. படத்தில் இருந்த அதே வளைவு, அதே அன்னத்தலை. நரம்புக்கு, சுறா இழுத்தாலும் அறாத தங்கூசித் தூண்டில் நூல். சத்யாவுக்குக் கண் கலங்கியது. ஒரு நரம்பை மீட்டினாள்.

நனைந்த சாக்கைத் தட்டியது போல ‘தொப்’ என்றது.

“பாய், சத்தம் வரணும்னு வயித்துல நாலு ஓட்டை போடச் சொன்னேனே?”

“போட்டேன்மா. ராத்திரி தூக்கம் வரல. முப்பது வருசம் படகு கட்டுன கை, ஓட்டையோட ஒரு சாமானை வெளிய அனுப்புமா? விடிஞ்சதும் பஞ்சைத் திணிச்சு, தாரை ஊத்தி அடைச்சுட்டேன். கடல்ல போட்டாலும் ஒரு சொட்டு உள்ள போவாது, இன்ஷா அல்லாஹ்!”

தாரைச் சுரண்டப் போனதில் அன்னத்தின் அலகு உடைந்தது. அதைப் பசை வைத்து ஒட்டியதில் இரண்டு நரம்புகள் பலகையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டன. இப்போது ‘தொப்’பும் இல்லை.

ராமநாதபுரம் மண்டப வாசலில் பதினைந்தடி பிளக்ஸ்: ‘முந்நூறு ஆண்டு மௌனம் கலைகிறது! செம்மல் அவர்கள் யாழ் மீட்டுகிறார்!’

உள்ளே எள் விழ இடமில்லை. யாழ் பட்டுத்துணிக்குள் மேடையில் இருந்தது. முன்வரிசையில் நாகநாதன், பக்கத்து நாற்காலிக்காரரிடம், “தார் வாடையா? அந்தக் காலத்து மூலிகைங்க” என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சத்யா போனில் மணி பார்த்தாள். இன்னும் ஐந்து நிமிடத்தில் செம்மல் நரம்பைத் தொடுவார். லட்சம் பேர் நேரலையில் பார்ப்பார்கள். அட்டை போகும், அய்யாவின் மானம் போகும், ஊர் வேனில் திரும்பிப் போகவே முடியாது. அதற்கு முன் நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

மேடைக்குப் பின்புறம் ஓடினாள். செம்மலின் அறை வாசலில் அவருடைய டிரைவர் காளிதாஸ் வியர்த்து வழிய நின்றிருந்தார்.

“அண்ணே, சாரை உடனே பாக்கணும். அந்த யாழைப் பத்தி ஒரு உண்மை சொல்லணும்.”

காளிதாஸ் அவளை ஓரமாக இழுத்துப்போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மொதல்ல நீ எனக்கு ஒரு உண்மை சொல்லும்மா, அதுல நெசமாவே சத்தம் வருமா? வந்துச்சுன்னா தொலைஞ்சோம், சார் விரலை மட்டும்தான் ஆட்டுவாரு, பாட்டு என் போன்லதான் இருக்கு!”