தண்ணிக்கு ஒரு றாத்தல்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக உட்காருவேன். உட்கார்ந்ததும் கோபம் வரும். கோபத்தோடு எழுதினால் மாரியம்மனுக்கு ஆகாது என்று எழுந்துவிடுவேன். கோபம் தணிகிற வழியாக இல்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் பழைய கணக்கப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தது. "அந்தாளா? சாராயம் வாங்கிக்கிட்டுக் கொழுந்து நிறுத்தவராச்சே!" என்று ஒருவர் சொல்ல, பந்தியே சிரித்தது. நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். ஆத்தா மன்னிக்கட்டும், கோபத்தோடேயே எழுதுகிறேன்.

இலங்கை மலைநாடு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் எங்கள் குத்துமதிப்பு ஐயாவைப் போல எண்ணிடம் ஏமாந்த மனிதர் கிடைக்கமாட்டார். அக்கரப்பத்தனைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. பகலில் மலையில் வேலை வாங்குவதும் மாலையில் கொழுந்து நிறுப்பதும் அவர் பொறுப்பு. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எதைக் கேட்டாலும் "குத்துமதிப்பா..." என்றுதான் தொடங்குவார். கடைசியாகக் காதில் எந்த எண் விழுந்ததோ, அதன் பக்கத்தில் போய் அவருடைய மதிப்பு உட்கார்ந்துகொள்ளும்.

"எங்கப்பாவுக்கு அறுபது வயசாச்சுங்க. ஐயா, அட்டன் எவ்வளவு தூரங்க?" என்று ஒருத்தி கேட்டால், "குத்துமதிப்பா அம்பது மைல் இருக்கும்" என்பார். மறுநாள் இன்னொருத்தி, "எனக்கு அஞ்சு புள்ளைங்க. அட்டன் எவ்வளவு தூரங்க?" என்றால், "பக்கந்தாம்மா, ஏழு மைல்." ஒரே ராத்திரியில் அட்டன் நடந்து வந்துவிட்டது! யாராவது சிரித்தால் அவருக்குக் கண் சிவந்துவிடும். "நான் என்ன காதால கேட்டா சொல்றேன்? கண்ணால பாத்துச் சொல்றேன்!"

சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும். தராசு காட்டுகிற எடையில் தண்ணீருக்கென்று சில றாத்தல் கழிப்பார்கள். எத்தனை றாத்தல் என்பதற்கு ஒரு சட்டமும் இல்லை, கணக்கப்பிள்ளை பார்த்துச் சொல்வதுதான். கழித்தபின் எடை போதாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். அதாவது, முழுநாள் நனைந்தவளுக்கு அரைநாள் சம்பளம். பேர் குறைந்தால் தோட்டத்தில் அளக்கும் அரிசியும் குறையும். நாடு சுதந்திரம் வாங்கி, எங்களுக்கு மட்டும் குடியுரிமை தராமல், ஆளாக எண்ணாமல் விட்டிருந்த காலம் அது. எங்கள் கூடையில் கழிப்பதற்கு மட்டும் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை.

என் அண்ணி வள்ளியம்மா கைக்குழந்தைக்காரி. பால் கொடுக்க, வேலை நேரத்தில் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி ஓடி வருவதால் அவளுடைய கொழுந்து தேவைக்குச் சரியாக இருக்கும், ஒரு பிடி கூட இருக்காது. ஒரு மழைநாளில் கூடையைக் கொக்கியில் மாட்டும்போது வாயில் வந்ததைச் சொன்னாள்: "ஐயா, எம்புள்ளைக்கு ரெண்டு பல்லு மொளைச்சிருச்சுங்க!"

"அப்படியா! சந்தோசம்மா... தண்ணிக்கு ரெண்டரை."

முழுப்பேர்! அன்றிலிருந்து மழை பெய்தால் எங்கள் லயத்து வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பல்தான். காளியாயியின் தாடி வைத்த மகனுக்குக்கூட இரண்டு பல் முளைத்தது. இதைப் பாவம் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. கழித்த கொழுந்தை எங்களுக்குத் திருப்பித் தந்தார்களா? அதுவும் தேயிலையாகிக் கப்பல் ஏறத்தானே செய்தது!

தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் இதை மோப்பம் பிடித்துவிட்டார். ஒருநாள் குடையோடு வந்து தராசுப் பக்கத்தில் நின்றார். "என்ன கணக்கப்பிள்ளை, எங்க வீட்டு மாடு நேத்து பன்னெண்டு போத்தல் கறந்துச்சு."

"அடேங்கப்பா!... தண்ணிக்குப் பத்து."

எல்லோருக்கும் அரைப்பேர். மறுநாளும் மாடு வந்தது. "ரெண்டு பல்லுங்க!" என்று நாங்கள் கத்த, "பன்னெண்டு போத்தல்!" என்று அவர் கத்த, கொழுந்து நிறுக்கும் மடுவம் ஏலக்கடை ஆகிவிட்டது. ஐயா தலையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, கடைசியாகக் கத்தியவர் பக்கம் சாய்வார். கிளாக்கருக்குத் தொண்டை பெரிது.

அண்ணிக்கு அந்த வாரம் இரண்டு அரைப்பேர். இன்னொன்று விழுந்தால் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை. அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கிளாக்கர் வருவதற்கு முன், ஐயாவின் முன்னால் போய் நின்றாள்.

"அந்தாளுகிட்ட மாடே இல்லைங்க! ஒங்க காதுல ஒரு நம்பரப் போட்டு ஒங்க வாயால எடுக்குறாரு. நாங்களும் அதத்தான் செஞ்சோம். எம்புள்ளைக்கு இப்ப ஆறு பல்லு!"

ஐயாவின் முகம் செத்துப்போனது. "நான் பாத்துச் சொல்றவன்..." என்று தொடங்கியவர், இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலையும் மழை. இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, மேலே கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு தராசடிக்கு வந்தார். கிளாக்கரின் மாடு கறந்தது, அவருக்குக் கேட்கவில்லை. பழக்கதோஷத்தில் ஒருத்தி பல் என்றாள், அதுவும் கேட்கவில்லை. அண்ணியின் கூடை கொக்கியில் ஆடியது. ஐயா கொழுந்துக்குள் கையை விட்டார். பிழிந்து பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். வாய் "குத்துமதிப்பா..." என்றது. எண் வரவில்லை. அத்தனை வருடமும் அடுத்தவர் போட்டதை எடுத்துக் கொடுத்தவர், யாரும் போடாத அன்று உள்ளே என்ன இருக்கும்?

பிறகு, காது அடைத்தவர்கள் கத்துவதுபோல மலைக்கே கேட்கக் கத்தினார்: "எனக்குத் தெரியலை! இதுல எவ்வளவு தண்ணின்னு எனக்குத் தெரியலை! தெரியாததுக்கு ஒரு றாத்தலுக்கு மேல கழிக்கமாட்டேன்!"

"யோவ், தொரைக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்று கிளாக்கர் குதித்தார்.

"என்னங்க? மாடு செத்துப்போச்சா? அடப் பாவமே!"

அண்ணிக்கு முழுப்பேர். அவளுக்குப் பின்னால் நின்ற எங்களுக்கும் ஒரே றாத்தல்தான் கழிவு.

அந்த மழைக்காலம் முடியுமுன் அவரைப் பூண்டுலோயாப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள். காது கேட்காத ஆள் வேலைக்கு உதவாது என்று காரணம் சொன்னார்களாம். பாவிகள்! அந்தத் தோட்டத்தில் எங்கள் பேச்சு விழுந்த காதே அவருடைய காதுதான்.

பஸ் ஏறப்போனவரிடம் அண்ணி குழந்தையோடு போய், "எவ்வளவு காலம் எங்களோட இருந்தீங்கய்யா?" என்று கேட்டாள். பஞ்சை எடுத்துவிட்டிருந்தார். குழந்தையைப் பார்த்தார். அது பல்லைக் காட்டிச் சிரித்தது.

"குத்துமதிப்பா... ரெண்டரை வருசம்மா."

நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே அவர் அங்கே இருந்தவர். அந்தப் பழைய இரண்டு பல் இன்னும் அவர் காதிலேயே இருந்திருக்கிறது. எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சாராயத்தை இதில் கலக்காதீர்கள். அந்த ஒரு றாத்தலைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கள் ஐயா யாரிடமும் வாங்காமல் தானாகச் சொன்ன எண் அது ஒன்றுதான்.