சனிக்கிழமை விழுந்த அம்புகள்

"மாமா, மரத்துக்கு மேல இருந்து அம்பு வந்தா, அல்லாஹ்தான் அனுப்பினது எண்டு மான் நினைக்காதா?"

றீமா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட கேள்வி இது. மானுக்கு அவ்வளவு யோசிக்க நேரம் இருக்காது என்று சொல்லி அம்ஹர் சமாளித்தார். உண்மையில் மான்களுக்கு வேண்டிய மட்டும் நேரம் இருந்தது. அம்பை விடுமுன் பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும் அல்லவா? அம்ஹர் அதை ஊருக்கே கேட்கும்படி சொல்வார். அவர் சொல்லி முடிக்கும்போது மான் அடுத்த பண்ணையில் நிற்கும்.

அந்த றீமாவுக்கு இப்போது கலியாணம். அம்ஹரின் மனைவி முர்ஷிதாவுக்கு ஒரே ஒரு நானா, அதாவது அண்ணன், இஹ்லாஸ். இஹ்லாஸுக்கு ஒரே ஒரு மகள், றீமா. முர்ஷிதா மூன்று மாதமாகச் சேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அம்ஹரோ அம்பு தேடிக்கொண்டிருந்தார்.

கனடாவில், மார்க்கம் நகரத்துக்கு வடக்கே இக்னேசியஸ் அண்ணைக்கு ஓர் ஆட்டுப் பண்ணை உண்டு. அதன் ஓரத்துக் காட்டில், ஒரு மேப்பிள் மரத்தில் பரண் கட்டியிருந்தது. சனி பின்னேரம் டோர்செட் பார்க்கில் உள்ள தன் கார் ரயர்க் கடையைப் பூட்டிவிட்டு அம்ஹர் அதில் ஏறுவார். ஞாயிறு இஹ்லாஸின் முறை. வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லை.

பரணில் ஒரு மனிதன் இருக்க இடம் இருந்தது. ஒரு மனிதனும் அவனுடைய சாமான்களும் இருக்க இடம் இல்லை. வில்லை எடுத்தால் கையுறை விழும். கையுறையைப் பிடிக்கப் போனால் தேத்தண்ணிப் பிளாஸ்க் சரியும். பிளாஸ்க்கைப் பிடித்தால் அம்புக் கூடு கவிழும். கத்தி போன்ற முனையுள்ள அம்புகள் இரண்டு மூன்று கீழே சருகுக்குள் போய்விடும். அவர் இறங்குவதற்குள் இருட்டிவிடும். அடுத்த சனி தேடலாம் என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

அடுத்த சனி ஒன்றும் இருக்காது.

முதலில் அவர் தன்னைத்தான் குறை சொன்னார். மானுக்குத் தெரியக்கூடாது என்று மண்ணிறச் சிறகு வைத்த அம்பு வாங்கியது பிழை. இப்போது தனக்கே தெரியவில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் பளிச்சென்று ஒரேஞ்ச் நிறம் அடித்தார். அவை இன்னும் சுத்தமாக மறைந்தன. பிறகு ஒவ்வொன்றிலும் தன் பெயரை எழுதினார். பெயரோடு மறைந்தன. கடைசியில், ஒன்றும் விழாதபடி எல்லாச் சாமானையும் கயிற்றால் பரணோடு கட்டினார். அன்றைக்குத்தான் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கொம்புமான் நேர் கீழே வந்து நின்றது. அம்ஹர் வில்லை இழுத்தார். வில்லோடு பிளாஸ்க் வந்தது, பிளாஸ்க்கோடு பை வந்தது, பையோடு அம்புக் கூடும் வந்து, முடிச்சு அவிழ்ந்து, எல்லாம் மானுக்கு முன்னால் கொட்டின. மான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து போனது.

அந்த அம்புகளும் அடுத்த சனிக்குள் காணாமல் போயின. அதோடு அம்ஹருக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறவன் ஒருவன்தான்.

கலியாண அழைப்பிதழோடு இஹ்லாஸ் அம்ஹரின் வீட்டுக்கு வந்தபோது, முர்ஷிதா இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தாள். அம்ஹர் அதற்குப் பக்கத்தில் கேள்வியை வைத்தார்.

"மச்சான், எண்ட அம்பெல்லாம் எங்க போகுது?"

இஹ்லாஸ் கரண்டியைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. "அம்புதானே. விடு மச்சான்," என்றார்.

வட்டிலப்பத்தை முடிக்காமலே எழுந்து போனார். குற்றமில்லாதவன் வட்டிலப்பத்தை மிச்சம் வைப்பானா என்று அம்ஹர் மனைவியிடம் கேட்டார். அவன் ஒத்துக்கொள்ளும்வரை இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அந்தக் கலியாணத்துக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார்.

"உங்களுக்கு அம்பு பெரிசா, றீமா பெரிசா?"

"அம்பில்லை முர்ஷிதா. நேர்மை."

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்ஹர் இளகியிருப்பார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தான் சொல்வது சரி என்று நம்பிவிட்டார், அவ்வளவுதான். அந்த நம்பிக்கை வந்தபின் நல்ல மனிதர்களும் சும்மா இருப்பதில்லை.

அம்ஹர் ஒரு கமரா வாங்கினார். அசைவைக் கண்டால் தானே படம் எடுக்கும். கலியாணத்துக்கு முந்திய சனிக்கிழமை அதை மரத்தில் கட்டினார். பிறகு பரணில் ஏறி, நல்ல ஒரேஞ்ச் அம்புகள் நாலைத் தெரிந்தெடுத்து, வேண்டுமென்றே கீழே போட்டார். அவரிடமிருந்து அம்பு ஒழுங்காக விழுந்த நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் ஞாயிறு, கலியாண நாள். கலியாண மண்டபத்திலிருந்து யார் யாரோ ஃபோன் கோல் எடுத்தார்கள். முர்ஷிதா ஃபோனை நிறுத்திவிட்டு, கழுவியிருந்த சட்டிகளை எடுத்து மறுபடி கழுவினாள். புதுச் சேலை மடிப்புக் கலையாமல் கட்டிலில் கிடந்தது. மாலையில் அதை எடுத்து அலுமாரியில் வைத்தாள். கதவைச் சாத்திய சத்தம்கூட வரவில்லை. அம்ஹருக்கு அது என்னவோ செய்தது. ஆனாலும் சனிக்கிழமை வரட்டும், எல்லாருக்கும் விளங்கும் என்று இருந்தார்.

சனிக்கிழமை வந்தது. கமராவில் படம் இருந்தது.

கோட்டு சூட்டு, கழுத்தில் டை, சட்டைப் பையில் பூ. ஈரச் சருகில் முழங்காலில் நின்று, கையில் ஒரேஞ்ச் அம்போடு, இஹ்லாஸ்.

அம்ஹருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேரே ஆட்டுக் கொட்டிலுக்குப் போய், அங்கே நின்ற இக்னேசியஸ் அண்ணையிடம் படத்தை நீட்டினார்.

"பாருங்கோ அண்ணை. மகள்ட கலியாணத்தண்டும் களவெடுக்க வந்திருக்கிறார்."

இக்னேசியஸ் அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு கொட்டிலுக்குள் போய், கயிற்றால் கட்டிய பெரிய கட்டொன்றைக் கொண்டுவந்து அம்ஹரின் காலடியில் வைத்தார். மண்ணிறச் சிறகும் ஒரேஞ்ச் சிறகுமாக, அவ்வளவும் அம்பு.

"போன வருசம் எண்ட ஆடு ஒண்டு உம்மட அம்பை மிதிச்சுக் காலைக் கிழிச்சுப்போட்டுது, தம்பி. இனி உம்மை உள்ள விடமாட்டன் எண்டு நிண்டனான். இஹ்லாஸ்தான் கெஞ்சினவர். 'அவனுக்கு உள்ள ஒரே சந்தோசம் இது அண்ணை, சொன்னீங்கள் எண்டால் வெக்கத்தில வரமாட்டான், திங்கள் ஆடு மேய விட முதல் நான் வந்து அம்பெல்லாம் பொறுக்கித் தாறன்' எண்டு. அண்டு தொட்டு அவர் வில்லே கொண்டு வாறதில்லை. புண் ஆறுமட்டும் அந்த ஆட்டுக்கு மருந்தும் கட்டினவர்; இப்பவும் பொறுக்கிப்போட்டு, கொட்டிலையும் கூட்டிவிட்டுத்தான் போவார்."

அம்ஹர் படத்தைப் பார்த்தபடி நின்றார்.

"கலியாணத்தண்டு வரவேண்டாம், நான் பார்க்கிறன் எண்டு எவ்வளவோ சொன்னன்," என்றார் அண்ணை. "'சனிக்கிழமை அவன் வந்து போனவன்தானே அண்ணை' எண்டுபோட்டு வந்தவர்."

சேர்ச்சில் மாலைப் பூசைக்கு நேரமாகிறது என்று அண்ணை காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்ஹர் பரணில் ஏறவில்லை. வேட்டைக்கென்று வாங்கிய விலை கூடிய காற்சட்டையோடு கொட்டிலுக்குள் இறங்கி, சுவரில் சாத்தியிருந்த சவளை எடுத்துப் புழுக்கையை வாரினார். பழைய வைக்கோலை அள்ளி வெளியே போட்டு, புதிது பரப்பினார். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். காலில் தழும்புள்ள ஆட்டைக் கண்டபோது கொஞ்ச நேரம் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அலுமாரிக்குள் போன சேலைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அது அவருக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும், நாளை ஞாயிறு காலை வருகிறவர் யார் செய்தது என்று யோசிக்கக் கூடாதென்று, சவளை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே சாத்திவைத்துவிட்டுப் போனார்.