ஒரு பிளேட் ஹக்கா

“பாய், அந்தக் கொத்துப் பரோட்டாவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்!” என்று கத்தினாள் நாகஜோதி.

கல்லாவில் இருந்த செய்கு அலாவுதீன் எட்டிப் பார்த்தார். “அதை நிறுத்துனா கடையையே நிறுத்தணும்மா. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பார்க்கிறீங்கள்ல?”

குவைத்தின் அப்பாசியாவில் இருந்த அந்தக் கடையின் சமையலறையில், ரெக்கார்டரை நீட்டிப் பிடித்தபடி வியர்த்து நின்றாள் ஜோதி. எதிரே சமையல்காரர் பீட்டர் லியாவ். நூடுல்ஸ் வாணலியைக் குலுக்கிக் கொண்டிருந்தார்.

ஜோதி பகலில் இந்தியப் பள்ளியில் ஆங்கில டீச்சர். மற்ற நேரமெல்லாம் மொழியியல் முனைவர் பட்ட மாணவி. கல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் சீனர்களின் ஹக்கா மொழியைப் பதிவு செய்வதுதான் ஆய்வு. கணவன் விஜயபாஸ்கருக்கு குவைத்தில் வேலை கிடைத்ததும் கல்கத்தா கைநழுவியது, ஆய்வு அந்தரத்தில் தொங்கியது. ஒருநாள் பாய் கடையில் ஹக்கா நூடுல்ஸ் சாப்பிட்டாள். சமைத்தவரே கல்கத்தா ஹக்கா குடும்பம் என்று தெரிந்ததும் பாதித் தட்டிலேயே எழுந்து உள்ளே ஓடினாள்.

மாதக் கடைசிக்குள் ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பு அப்பளமாக நொறுங்கும்.

“பீட்டர் பாய், நிலாவை உங்க வீட்டுல எப்படிச் சொல்வீங்க?”

“அச்சா மேடம். நாளைக்குச் சொல்லுது.”

எதைக் கேட்டாலும் நாளைதான். மறுநாள் வந்தால் சுடச்சுடப் பதில் கிடைக்கும். “ஞியெத் கோங், மேடம்!”

“யோசிச்சு, நிதானமா, சுத்தமா சொல்றாருங்க. இப்படி ஒரு ஆள் கிடைக்கத் தவம் பண்ணியிருக்கணும்” என்றாள் கணவனிடம்.

“நான் நாளைக்குச் சொல்றேன்னா மட்டும் முறைக்கிறே” என்றான் விஜயபாஸ்கர்.

மாதிரிக்குச் சில பதிவுகளைச் சி.டி.யில் போட்டு மதுரைக்கு அனுப்பினாள். டெலிபோன் கார்டைச் சுரண்டி அங்கிருந்த வழிகாட்டிப் பேராசிரியரை அழைத்தால், எடுத்தவுடன் எரிந்து விழுந்தார்.

“இரும்புப் பட்டறையில வச்சு ரெக்கார்டு பண்ணினியாம்மா? ஹக்கா எங்கேன்னு தேட வேண்டியிருக்கு!”

சத்தமில்லாத இடம் வேண்டும். டியூட்டி முடிந்ததும் பீட்டரைத் தன் ஃபிளாட்டுக்கே அழைத்தாள். விஜயபாஸ்கர் டீ போட்டுக் கொடுத்தான். எதிர் ஃபிளாட் பானுமதி கதவிடுக்கில் பார்த்தாள்.

அடுத்த முறை பீட்டர் வந்து உட்கார்ந்ததும் காலிங் பெல் அலறியது. முழங்காலைப் பிடித்தபடி பானுமதி. பின்னால் பில்டிங்கின் சகல மூட்டுவலிகளும்.

“ஏன் ஜோதி, சீனா டாக்டரை வரவழைச்சிருக்கே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊசி குத்துவாரா, அமுக்கி விடுவாரா?”

“ஐயோ அக்கா, அவர் சமையல்காரர்!”

“ஓ... மூலிகைச் சமையலா?”

ஜோதி திரும்பினாள். “அச்சா, அச்சா” என்றபடி பீட்டர் முழங்காலை அமுக்கத் தொடங்கியிருந்தார். பரோட்டா மாவு பிசைந்த கை. பானுமதியின் முகத்தில் பரம சுகம்.

மறுநாள் வரிசை லிஃப்ட் வரை நீண்டது. கீழேயிருந்து ஓடிவந்த எகிப்திய வாட்ச்மேன், “மாஃபி! கலாஸ்!” - கிடையாது, முடிந்தது - என்று கத்தி, பீட்டரை வெளியே அனுப்பினான். அனுப்புமுன் தன் தோள்பட்டையைக் காட்டிக்கொண்டான்.

சரி, பள்ளிக்கூடம். வகுப்புகள் முடிந்தபின் காலி அறையில் பீட்டரை உட்கார வைத்தாள். வாணலி பிடித்துப் பிடித்து மரத்துப்போன கைகளை அவர் காற்றில் வீசி உதறிய நேரம் பார்த்து, ஜன்னலில் முதல்வர் வெங்கட்ராமன்.

“டீச்சர்! கராத்தே மாஸ்டரைக் கூட்டி வந்திருக்கீங்க, மூச்சே விடலையே! ஆண்டு விழாவுல ஓடு உடைச்சே ஆகணும்.”

“சார், இவர் வந்து...”

“அச்சா சார்!” என்றார் பீட்டர்.

ஆண்டு விழா மேடையில் ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். பீட்டரும் மூடிக்கொண்டார். மூடியபடியே இரண்டு கத்திகளால் ஒரு முழு முட்டைக்கோஸை நூல் நூலாக நறுக்கித் தள்ளினார். ஓடு பற்றி யாருக்கும் நினைவில்லை. முதல்வர் பொன்னாடை போர்த்தி, அந்த அறையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஒருவழியாகப் பதிவு முடிந்தது. சி.டி.யும் மதுரைக்குப் போனது. பேராசிரியரை அழைத்தாள்.

“நல்லா வந்திருக்கும்மா. ஆனா ஒரே ஒரு ஆளை நம்பி ஆய்வேடா? அவர் பாட்டுக்கு அடிச்சு விட்டிருந்தா? வேற ஒரு ஹக்காக்காரரைப் பிடி. அதே சொற்களைக் கேளு. ரெண்டும் பொருந்தலைன்னா மறந்துடு.”

ரிசீவரை வைத்துவிட்டு ஜோதி தேம்பினாள். ரசம் கடன் வாங்க வந்த பானுமதி விஷயத்தைக் கேட்டாள்.

“கல்கத்தாச் சீனாக்காரங்க தானே வேணும்? என் புருவத்தைப் பாரு. யாரு எடுத்தாங்கற?”

பாய் கடைக்குப் பின்பக்கத்துக் கட்டிடத்தில் இருந்தது அந்த பியூட்டி பார்லர். உரிமையாளர் மேரி சுங் ஒரு நிபந்தனை போட்டாள். “கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது. நீங்க நாற்காலியில உக்காருங்க.”

நூல் புருவத்தில் ஓட, சொற்கள் மளமளவென்று கொட்டின. ஜோதியின் பட்டியலோ நீளம். புருவத்தில் தொடங்கியது கூந்தலுக்கு ஏறியது.

வீட்டுக் கதவைத் திறந்த விஜயபாஸ்கர், “யாருங்க வேணும்?” என்றான்.

போனது புருவமும் கூந்தலும்தான்; பட்டியல் முழுசாக வந்துவிட்டது. மேரியின் பதிவைக் கேட்டுப் பேராசிரியர் துள்ளிக் குதித்தார். “ஒரு சொல் பிசகலைம்மா! அண்ணன் தம்பி பேசினாக்கூட இவ்வளவு ஒத்துப் போகாது. ஆய்வேட்டை உடனே அனுப்பு!”

கூரியர் ரசீது கைக்கு வந்ததும், மைசூர்பாகு டப்பாவோடு பாய் கடைக்கு ஓடினாள் ஜோதி.

“பாய், உங்க பீட்டரால எனக்கு டாக்டர் பட்டமே கிடைக்கப் போகுது! நான் கேட்டதுல ஒண்ணுகூடத் தப்பில்ல. பின்னாடி பார்லர் மேரியம்மா சொன்னதும் அப்படியே, அச்சு அசலா ஒத்துப் போச்சு!”

செய்கு அலாவுதீன் ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

“ஒத்துப் போகாம எங்கம்மா போவும்... நம்ம கடையில இல்லாத அயிட்டத்தைக் கஸ்டமர் கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது, பீட்டரு, பின்னாடி பார்லர்ல ஓடிப்போய் வாங்கியாந்து குடுன்னு நான்தானே சொன்னேன்!”